நிழலும் சான்றும்: கசநோயை இனங்கண்ட வரலாறு

நெடுநாள் இருமலோடு வைத்தியசாலைக்கு வரும் ஒருவருக்குக் கசநோய் உண்டா, இல்லையா என்னும் வினா எளிதானதாகத் தோன்றலாம். ஆயினும், அதற்கு உறுதியான விடை கூறும் ஆற்றலை மருத்துவ உலகு பெற்று ஒன்றரை நூற்றாண்டுகூட நிறைவுறவில்லை. சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் என்னும் இரண்டுமே அவ்விடைக்கு வழிவகுத்தன. இவ்விரண்டும் ஜேர்மனியில் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த கண்டுபிடிப்புக்களின் விளைவுகளாகும். இவற்றுள் எதனை முதன்மையாகக் கொள்வது என்பது பற்றி எழுந்த கருத்து மாற்றங்கள் வெறுமனே கருவிகளின் வரலாறன்று; நோயாளர் எங்கே தேடப்பட்டனர், எங்கே கைவிடப்பட்டனர் என்பதன் வரலாறுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தியர் தம் செவியையே பெரிதும் நம்பியிருந்தனர். பாரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையிற் பணியாற்றிய லெனெக் என்பார், 1816 ஆம் ஆண்டில் மார்பின் ஒலிகளைக் கேட்பதற்கு ஒரு குழாயைப் பயன்படுத்தத் தொடங்கினார். தாம் கேட்ட ஒலிகளை, இறந்தோரின் நுரையீரலிற் கண்ட சிதைவுகளோடு ஒப்பிட்டு 1819 இல் அவர் நூலொன்றை வெளியிட்டார். ஆயின், செவிக்குப் புலனாகுமளவுக்கு நுரையீரல் பழுதுற்ற பின்னரே அம்முறை பெரிதும் பயன்பட்டது. நோய்க்குக் காரணம் யாது என்பதையும் அது கூறவில்லை. லெனெக் தாமே 1826 இல் இந்நோய்க்குப் பலியானார்.

காரணத்தை வெளிப்படுத்தியவர் றொபேட் கொக் ஆவார். 1882 மார்ச் 24 ஆம் நாள் பேர்லின் உடற்றொழிலியற் கழகத்திலே, கசநோயை விளைவிப்பது ஒரு கோலுருப் பற்றீரியாவே என அவர் சான்றுகளுடன் நிறுவினார். மனிதருள் ஏழிலொரு பங்கினர் இந்நோயால் மடிவதாகக் கருதப்பட்ட காலம் அது. அக்கிருமி எளிதில் நிறமேற்காதது. ஆதலின், அதுவரை நுணுக்குக்காட்டியினூடு நோக்கியோர் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. கொக்கின் உரையைக் கேட்டிருந்த பால் ஏர்லிக், அக்கிருமி ஒருமுறை நிறமேற்றபின் அமிலத்தினாலும் அந்நிறத்தை இழப்பதில்லை என்பதை விரைவிற் கண்டறிந்தார். சீல், நீல்சன் என்போர் அடுத்தடுத்துச் செய்த திருத்தங்களினால், நீலப் பின்னணியிற் செந்நிறக் கோல்களாகக் கிருமிகளைக் காட்டும் முறை உருவாயிற்று. ஏர்லிக் சில ஆண்டுகளின் பின் தம் சளியிலேயே அக்கிருமிகளைக் கண்டு, உடல்நலம் நாடி எகிப்துக்குச் செல்ல நேர்ந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

1895 நவம்பர் 8 ஆம் நாள் வூர்ஸ்பேர்க் நகரில் றொஞ்சன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டிலேயே பொஸ்டன் நகர வைத்தியர் பிரான்சிஸ் வில்லியம்ஸ் அக்கதிர்களின் துணையோடு மார்பை ஆராயலானார். நோயாளி உயிரோடிருக்கையிலேயே அவரது நுரையீரலினுள் நோக்குதல் இயல்வதாயிற்று. 1936 இல் பிரேசில் நாட்டைச் சேர்ந்த மனுவேல் டி அப்ரூ, ஒளிரும் திரையில் விழும் மார்பின் நிழலைச் சிறு படச்சுருளிற் பதிவு செய்யும் முறையை அமைத்தார். செலவு குறைந்த இம்முறையால், நோய்க்குறி எதுவும் இல்லாதாரையும் பெருந்தொகையிற் சோதித்தல் சாத்தியமாயிற்று. 1957 இல் கிளாஸ்கோ நகரில் ஐந்து வாரங்களுள் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் படம்பிடிக்கப்பட்டனர்.

ஆயினும், நிழல் வேறு, நோய் வேறு என்பது நாளடைவிற் புலனாயிற்று. பழைய தழும்பும், வேறு நோய்களும் கசநோயை ஒத்த நிழலைத் தரக்கூடும். அமெரிக்காவில் 1947 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரே படத்தைப் பார்த்த வல்லுநர் தம்முள் முரண்பட்டதையும், அதே படத்தை மீண்டும் பார்த்த ஒருவரே தமது முந்திய முடிவிலிருந்து மாறுபட்டதையும் எடுத்துக்காட்டியது. சளியிற் கிருமியைக் காண்பதோ ஐயத்தைப் பெருமளவு நீக்கியது. அன்றியும், நோயைப் பிறருக்குப் பெரிதும் பரப்புவோர் யாவர் என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இந்நிலையில், தென்னிந்தியாவில் நிகழ்ந்த இரு ஆய்வுகள் உலகின் நோக்கையே மாற்றின எனலாம். 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட கசநோய் வேதிமருந்துச் சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்போரும் சிகிச்சை நிலையத்திற் படுத்திருப்போரைப் போலவே குணமடைவர் என 1959 இற் காட்டிற்று. அதன் பின், நோயாளர் இருக்குமிடத்திற்கு அண்மையிலேயே நோயைக் கண்டறிதல் இன்றியமையாததாயிற்று. 1963 இல் பானர்ஜி, அண்டர்சன் ஆகிய இருவரும் தும்கூர்ப் பகுதிக் கிராமங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைப் புலப்படுத்தியது. கசநோயுற்றிருந்த கிராமத்தவர் அறியாமையால் வாளாவிருந்தனர் என்னும் எண்ணம் பிழையானது. அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஏற்கெனவே வைத்தியசாலைகளை நாடியிருந்தனர். இத்தகையோர் இருமல் மருந்துப் போத்தலுடன் திருப்பி அனுப்பப்படுவதே வழக்கமாயிருந்தது. அவர்களைத் தேடிப் படப்பிடிப்பு வண்டி செல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வந்தவரின் சளியை எடுத்துச் சோதித்திருந்தாற் போதும். நுணுக்குக்காட்டியும், சில கண்ணாடித் தட்டுகளும், பயிற்றப்பட்ட ஒருவரும் இருந்தால் சிற்றூர் வைத்தியசாலையிலும் அதனைச் செய்தல் கூடும். இந்தியா 1962 இல் தொடங்கிய தேசியத் திட்டம் இக்கொள்கையையே தழுவியது. 1974 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும், வரையறையின்றி மக்களைப் படம்பிடிக்கும் முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

எனினும், சளிப் பரிசோதனையும் குறைபாடற்றதன்று. ஒரு மில்லிலீற்றர் சளியிற் பல்லாயிரம் கிருமிகள் இருந்தாலன்றி அவை கண்ணிற் படுவது அரிது. சிறுவர் சளியை உமிழ்ந்து தருவதரிது, எச்.ஐ.வி. தொற்றுடையோரின் சளியிற் கிருமிகள் குறைவாகவே காணப்படும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை நுட்பமானதாயினும், விடைக்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். 2010 இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த மரபணுச் சோதனை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் கிருமியையும், றிபாம்பிசின் மருந்துக்கு அது காட்டும் எதிர்ப்பையும் வெளிப்படுத்தலாயிற்று. கைவிடப்பட்ட நிழற்படமும் புதுவடிவிலே மீண்டது. இருமலே இல்லாத நோயாளர் பலர் உளர் என்பதை ஆய்வுகள் உணர்த்தியமையால், ஐயத்துக்குரியோரைப் பிரித்தெடுக்க எக்ஸ்-கதிரும், நோயை உறுதிசெய்யச் சளியும் என்னும் ஒழுங்கு வலுப்பெற்றது. அப்படங்களைக் கணினியே வாசிப்பதையும் 2021 இல் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

2023 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 108 இலட்சம் பேர் கசநோயுற்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் இனங்காணப்பட்டுப் பதிவானோர் 82 இலட்சம் பேர் மட்டுமே. நிழலைப் பதிக்கவும் கிருமியைக் காணவும் கற்றுக்கொண்ட மனிதகுலம், இருமலோடு வாசலில் நிற்பவரைச் சோதியாது திருப்பி அனுப்பலாகாது என்னும் பாடத்தை இன்னும் முழுமையாகக் கற்கவில்லை என்பதையே இவ்விடைவெளி உணர்த்துகின்றது.