வட்டும் அரங்கும்

காரைக்காலில் பழைய பிளாப்பி ஒன்றைக் கையில் கொடுத்து இது என்ன என்று கேட்டால் மூன்று விடைகள் வரக்கூடும். தொண்ணூறுகளில் கணினி மையத்தில் படித்தவருக்கு அது பிளாப்பி. தமிழ்வழிப் பாடநூலில் படித்தவருக்கு நெகிழ்வட்டு. பாரிசில் வளர்ந்து, தாத்தா பாட்டியைப் பார்க்க விடுமுறைக்கு வந்தவருக்கு அது திஸ்கெத். சில்லறைக் கடையில்கூட இன்று கிடைக்காத பொருளுக்கு ஒரே ஊரில் மூன்று பெயர்கள். இவற்றுள் வயதில் மூத்தது, நாம் புதிதாகச் செய்ததாக நினைக்கும் வட்டுதான்.

சங்க காலத்திலேயே வட்டு என்பது ஆடுகருவி. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்ப மரத்து நிழலில் சிறுவர்கள் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாக உருட்டி ஆடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் பெயர் அரங்கு. கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவரும் இந்த இணையைத்தான் எடுக்கிறார்: நூலறிவு நிரம்பாதவன் அவையில் பேசுவது, அரங்கு இழைக்காமல் வட்டாடுவதைப் போன்றது. வட்டு மட்டும் இருந்தால் ஆட்டம் இல்லை, கட்டம் வேண்டும் என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தென்மாவட்டங்களில் கருப்பட்டியை இன்றும் வட்டுக் கணக்கில் சொல்வதுண்டு. ஆட்டம் போனாலும், கைக்கு அடங்கிய வட்டமான பொருள் என்ற கருத்து சொல்லில் தங்கிவிட்டது.

கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்தபோது பக்கத்தில் போட்டிக்குத் தட்டும் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கை ஒருவர் வன்தட்டு என்றார், மற்றவர் நிலைவட்டு என்றார். சிடி தமிழ்நாட்டில் குறுந்தகடு ஆனது, இலங்கையில் இறுவட்டு ஆனது. பிளாப்பிக்கு மட்டும் நெகிழ்வட்டு நிலைத்தது. ஆங்கில டிஸ்க்கின் வேரும் ஆட்டக்களத்தில்தான் இருக்கிறது. கிரேக்கர்கள் விளையாட்டுப் போட்டியில் எறிந்த தட்டுக்குப் பெயர் டிஸ்கோஸ். ஆங்கிலத்தில் உணவுத் தட்டைக் குறிக்கும் டிஷ் என்பதும் அதன் வழி வந்ததே. ஆக, வட்டு, தட்டு என்று நாம் இழுபறி செய்த இரண்டும் அந்த ஒரு கிரேக்கச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கின்றன.

பொருள் பிறந்தது 1971இல். ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு ஆணைத்தொகுதியை ஏற்ற எட்டு அங்குல அகலத்தில், காந்தப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தை உறைக்குள் வைத்து வெளியிட்டது. பிடித்து ஆட்டினால் துவண்டதால் பிளாப்பி. 1973இல் தரவு பதியும் 3740 இயந்திரத்தோடு வந்தபோது ஐபிஎம் வைத்த பெயர் டிஸ்கெட், அதாவது சிறு டிஸ்க். 1976இல் ஷூகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குலத்துக்கு இறக்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் சோனி மூன்றரை அங்குலத்தில் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தது. அப்போதே பெயரின் முன்பாதி பொய்த்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இந்தக் கெட்டி வடிவத்துக்கு 'விறைப்பானது' என்ற பொருள் தரும் 'ஸ்டிஃபி' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். நாம் வைக்கவில்லை. கையில் பிடித்தால் சதுரமாகவும் வளையாததாகவும் இருந்த ஒன்றை நெகிழ்வட்டு என்றே அழைத்தோம். உள்ளே சுழலும் தகடு வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருந்ததால் பெயர் தப்பியது.

டிஸ்கெட் பிரெஞ்சுக்குப் போய் திஸ்கெத் ஆனது. பிரெஞ்சுச் சொல் என்றால் காரைக்காலுக்கு அது முன்பே வந்து ஒட்டியிருக்க வேண்டுமே என்று தோன்றலாம். 1739 முதல், இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, இது பிரெஞ்சு மண். திருநள்ளாறும் கோட்டுச்சேரியும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தாம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர் சொல்தாதான். ஆனால் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. கணினிக்குப் பிரெஞ்சில் ஓர்தினாத்தேர் என்ற சொல்லை, ஐபிஎம்மின் பிரெஞ்சுக் கிளை கேட்டதன்பேரில், மொழியறிஞர் ழாக் பெரே எழுதிக் கொடுத்தது 1955 ஏப்ரலில். ஆறு மாதத்துக்கும் குறைவான இடைவெளி. அதற்குள் படகு போய்விட்டது. ஆட்சி, படை, ஊராட்சி ஆகியவற்றின் சொற்கள் இங்கே பிரெஞ்சில் நின்றன. கணினியின் சொற்கள் எல்லாம் மற்றத் தமிழ் ஊர்களைப் போலவே ஆங்கிலத்தின் வழியாக வந்தன. திஸ்கெத் இங்கே வந்தது பிரான்சுக்குக் குடிபோன குடும்பங்களின் வாயில்தான். அங்கேயும் அது இன்று பொருள் மாறிக் கிடக்கிறது. பிரெஞ்சு இளைஞர் பேச்சில் ஒருவருக்குத் திஸ்கெத் போடுவது என்றால் தேனொழுகப் பேசி ஏமாற்றுவது. பொருள் செத்த பிறகும் சொல் பிழைக்க வேறு வேலை தேடிக்கொண்டது.

தமிழில் பிளாப்பி அப்படி வேலை தேடவில்லை. ஆனால் அதைச் சுற்றி ஒரு வினை வளர்ந்தது. ஒரு மூன்றரை அங்குல வட்டில் அடங்குவது 80 தடங்கள், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 துண்டங்கள், துண்டத்துக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட், அதாவது பெட்டியில் 1.44 எம்பி என்று அச்சிட்ட அளவு. பெரிய மென்பொருள் இதில் கொள்ளாது, ஐந்து, பத்து வட்டுகளில் வரும். முதல் வட்டு ஓடி முடிந்ததும் திரை அடுத்ததைக் கேட்கும். ஒரே டிரைவ் உள்ள கணினியில் அக்கால இயங்குதளமான டாஸ் இன்னொரு சூழ்ச்சியும் செய்தது. அந்த ஒரே டிரைவுக்கு ஏ, பி என்று இரண்டு பெயர் வைத்து, ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது 'இப்போது பி வட்டைப் போடு, இப்போது ஏ வட்டைப் போடு' என்று ஆளை மாற்றி மாற்றி வேலை வாங்கியது. வன்தட்டுக்கு இன்றும் சி என்ற எழுத்தே முதலில் கிடைப்பது இந்த இரண்டு பழைய எழுத்துகளின் மிச்சம்.

கலைச்சொல் பட்டியலில் இந்தச் செயலுக்கு மாற்றுதல் என்று எழுதலாம். மையங்களில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'பிளாப்பியை எடுத்துட்டு அடுத்ததைப் போடு' என்றுதான் சொன்னார்கள். எடு, போடு: இரண்டு வினை. மாற்று என்பதில் இவை ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. இயந்திரமோ அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த நொடியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது.

கமடோர் 64 கணினியோடு இணைத்துப் பயன்படுத்திய 1541 டிரைவைப் பாருங்கள். வட்டு மாறிவிட்டதா என்று அறிய அதில் தனி உறுப்பு கிடையாது. உறையின் ஓரத்தில் எழுதத் தடை போடும் வெட்டு ஒன்று உண்டு, அதைப் பார்க்க ஓர் ஒளிக்கண் உண்டு. வட்டை உருவும்போது உறை நகர்ந்து ஒளி மறைந்து திறக்கும், புதியதைச் செருகும்போது மீண்டும் மறைந்து திறக்கும். ஆள் எடுத்துப் போட்டுவிட்டார் என்று டிரைவ் அதைக் கொண்டே ஊகிக்கும். ஐபிஎம் வகைக் கணினிகளின் பிற்கால டிரைவுகளில் இதற்கெனவே ஒரு கம்பி இருந்தது. வட்டை வெளியே எடுத்ததும் அதில் குறி எழும். புது வட்டு வந்து படிப்புத்தலை ஒரு தடம் நகர்ந்தால்தான் குறி இறங்கும். அமிகா கணினி காலி டிரைவோடு விடாமல் டக் டக் என்று அடித்தது இதற்காகத்தான். தலையை நகர்த்தி நகர்த்தி, வட்டு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் வரும் வட்டுச் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது. எமுலேட்டரைத் தமிழில் போன்மி என்று எழுதுவோர் உண்டு. 'போலும்' என்பது செய்யுளில் 'போன்ம்' எனச் சுருங்கும்போது அந்த ஈற்று மகரத்தின் ஒலியளவு குறுகும் என்பது இலக்கணம். கணினியின் போன்மியிலும் ஒரு குறுக்கம் நேர்கிறது. வட்டு இங்கே வெறும் கோப்பு. ஒரு கோப்பின் இடத்தில் இன்னொன்றை வைக்க நேரமே ஆகாது. காலி நொடி இல்லாததால் உள்ளே ஓடும் பழைய கணினி வட்டு மாறியதை உணராமல், நினைவில் வைத்திருக்கும் பழைய அடைவையே காட்டும், அல்லது இரண்டாம் வட்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும். தன் நினைவில் உள்ள பழைய அட்டவணையைப் புது வட்டின்மேல் எழுதிவிட்டால் அந்த வட்டே கெடும். இதனால்தான் கமடோரைப் போலச் செய்யும் வைஸ், வட்டை மாற்றும்போது வேண்டுமென்றே சற்றுத் தாமதித்து, ஒளிக்கண் மறைந்து திறப்பதையும் நடித்துக் காட்டுகிறது.

டாஸ் கணினியைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸில் பழைய விளையாட்டை நிறுவுவோர் இடறும் இடம் வேறு. ஐந்து பிளாப்பியின் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் கொட்டி, அந்தக் கோப்புறையை ஏ டிரைவாக இணைத்துவிடுகிறார்கள். சில நிறுவிகள் இதற்கு மசியும். சில நிறுவிகள் வட்டின் பெயர்ச்சீட்டைப் படித்து இது இரண்டாம் வட்டுதானா என்று பார்க்கும். கோப்புறையில் எல்லாக் கோப்பும் இருந்தும் அந்தப் பெயர் இராது. அதனால் 'வட்டு 2-ஐப் போடு' என்ற கேள்வி தீராது. ஒவ்வொரு பிளாப்பியின் முழு நகல் கோப்பும் இருந்தால், அவற்றை வரிசையாக ஒரே ஐஎம்ஜி மவுண்ட் கட்டளையில் ஏ டிரைவுக்குக் கொடுத்துவிட வேண்டும். நிறுவி கேட்கும்போது கண்ட்ரோலும் எஃப்4-ம் சேர்த்து அழுத்தினால் அடுத்த வட்டு வரும். கோப்புறையாக இணைத்துவிட்டு வெளியிலிருந்து உள்ளடக்கத்தை மாற்றியிருந்தாலும் இதே விசைகள்தாம் அடைவைப் புதிதாகப் படிக்க வைக்கும். மற்ற எமுலேட்டர்களில் அடுத்த கோப்பை நேராகத் தேர்ந்தும் பயன் இல்லை என்றால், முதலில் வெளியேற்று என்பதை அழுத்தி, காலி டிரைவைக் கணினி கண்டுகொள்ளச் சில நொடி விட்டு, பிறகு செருகிப் பார்க்க வேண்டும்.

அரங்கில்லாமல் வட்டாட முடியாது என்ற பழைய பாடம் இங்கே பொருந்துகிறது. நகல் கோப்பு வட்டை மட்டும்தான் காப்பாற்றித் தருகிறது. டிரைவின் கம்பியும் ஒளிக்கண்ணும் அதற்குள் இல்லை. அவற்றை எமுலேட்டர் எழுதுபவர் தனியே கீறித் தர வேண்டும். சொல்லாக்கம் செய்வோருக்கும் இதில் வேலை உண்டு. எமுலேட்டரைத் தமிழாக்குவோர் பட்டியலில் 'வட்டை மாற்று' என்று ஒரே பொத்தான் வைக்காமல், 'எடு' என்றும் 'போடு' என்றும் இரண்டு வைக்கட்டும். கணினி மையங்களில் பிழையில்லாமல் ஓடிய தமிழ் அதுதான்.