முதலில் கால், அப்புறம்தான் இதயம்

‘ஆஞ்சியோ’ என்றதும் நம் கை நெஞ்சுக்குத்தான் போகிறது. பலூன், ஸ்டென்ட் எல்லாமே இதயத்துக்காக வந்தவை என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் அடைத்த தமனியைக் குழாய் வழியே திறக்கும் இந்த முறை பிறந்தது காலில். அதுவும், காலை எடுக்க விடவே மாட்டேன் என்று உறுதியாக நின்ற ஒரு மூதாட்டியின் காலில்.

1964 ஜனவரி. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். அந்த அம்மாவுக்கு வயது 82. தொடைத் தமனி ஓரிடத்தில் சுருங்கிப்போய், பாதத்துக்கு ரத்தம் சரியாக இறங்கவில்லை. ஆறாத புண், விரல்களில் அழுகல், விடாத வலி. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். அவர் சம்மதிக்கவில்லை. அந்த மறுப்பு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

வேறு வழியில்லாமல் அவரை எக்ஸ்ரே துறைத் தலைவர் சார்லஸ் டாட்டரிடம் அனுப்பினார்கள். டாட்டர் கத்தி பிடிப்பவர் அல்ல, படம் எடுப்பவர். ஆனால் முந்தைய ஆண்டு நடந்த ஒன்று அவர் மனத்தில் தங்கிவிட்டிருந்தது. வேறொரு நோயாளிக்கு வயிற்றுத் தமனியைப் படமெடுக்கத் தொடை வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தினார். போகிற வழியில், அடைத்துக் கிடந்த இடுப்புத் தமனி தற்செயலாகத் திறந்துகொண்டது. படம் எடுக்கப் போன குழாய் வைத்தியம் பார்த்துவிட்டது! அப்படியானால் தெரிந்தே திறந்தால் என்ன?

ஜனவரி 16 அன்று அதைச் செய்துபார்த்தார். தொடையில் ஒரு துளை. அதன் வழியே மெல்லிய கம்பி ஒன்று சுருக்கத்தைத் தாண்டிப் போனது. கம்பியின் மேல் ஒரு டெஃப்லான் குழாய், அதன் மேல் இன்னும் பருமனான இன்னொரு குழாய். குறுகிய பாதை விரிந்தது. சில்லிட்டிருந்த பாதத்தில் சூடு பரவியது. சில நாளில் வலி போனது, புண்ணும் ஆறியது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அந்த அம்மா தம் சொந்தக் கால்களில் நடந்தார்.

அதே ஆண்டு நவம்பரில், சக மருத்துவர் மெல்வின் ஜட்கின்ஸுடன் சேர்ந்து டாட்டர் இதை மருத்துவ இதழில் வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம் என்று எழுதியனுப்பிய அறுவை மருத்துவரும் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான். எத்தனை கால்கள் அந்த ஆண்டுகளில் வீணாக வெட்டப்பட்டிருக்கும்!

ஐரோப்பா அவரைக் கைவிடவில்லை. ஜெர்மனியில் மருத்துவர் எபர்ஹார்ட் ஸைட்லர் இந்த முறையைத் தொடர்ந்து செய்தார். அங்கே அதற்கு ‘டாட்டரிங்’ என்றே பெயர். ஒரு குறை மட்டும் இருந்தது. பருமனான குழாய் உள்ளே போக, தமனியில் போடும் துளையும் பெரிதாக வேண்டும். இதற்கு வழி தேடியவர் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக். ஒல்லியாக நுழைந்து, உள்ளே போனபின் உப்பும் பலூனை, சூரிச் நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து இழைத்து இழைத்து உருவாக்கினார். 1974 பிப்ரவரியில் ஒரு நோயாளியின் கால் தமனியில் அது முதன்முறை விரிந்தது.

1977 செப்டம்பர் 16 அன்று அவருடைய பலூன் ஒரு மனிதரின் இதயத் தமனிக்குள் போனது. அப்போது, காலில் பிறந்த அதற்கு மூன்றரை வயது.