சுரங்கத் தொழிலாளரும் சுவர்ப்பூச்சும்

ஓவியம் ஓய்வுடையோர்க்கு உரிய கலை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஐரோப்பிய ஓவிய வரலாற்றை மேலோட்டமாகப் புரட்டுவோர்க்கு இவ்வெண்ணம் நியாயமானதாகவே தோன்றும். பொழுதுபோக்காகப் படம் வரையும் வழக்கம் இங்கிலாந்திலே பதினெட்டாம் நூற்றாண்டிற் பரவியபோது, அதனைப் பயின்றோர் பெரும்பாலும் நிலவுடைமைக் குடும்பத்துப் பெண்களும், ஆசிரியர் வைத்துக் கற்கும் வசதி படைத்த கனவான்களுமே. 1781 இல் இலண்டன் வர்ண வணிகரான ரீவ்ஸ் சகோதரர் கட்டியாக வார்க்கப்பட்ட நீர்வர்ணத்துக்காகக் கலைகள் சங்கத்தின் பரிசைப் பெற்றனர். 1841 இல் ஜோன் கோஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் மடங்கக்கூடிய உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து வைக்கப்பட்ட எண்ணெய் வர்ணம் அதன்பின் பையிலே வைத்துக் கொண்டுசெல்லத் தக்க பொருளாயிற்று. வர்ணம் எளிதாயிற்று, ஆனால் எல்லோருக்கும் எளிதாகவில்லை.

எந்தச் சாதனத்தை ஒருவர் விரும்பித் தேர்கிறார் என்பது அவரது தனிப்பட்ட சுவையைப் பொறுத்தது என்று ஓவியக் கைந்நூல்கள் கூறும். அவற்றை எழுதியோர் கடைக்குச் சென்று விலை கேளாமல் வாங்கக்கூடியவர்கள் போலும்! நான் மாணவனாயிருந்த காலத்திற் சித்திரப் பாடவேளையில் நீர்வர்ணப் பெட்டி கொண்டுவராதவர்கள் பின்வாங்கிற் சும்மா இருக்க விடப்பட்டோம். எங்களுக்கு ஓவியத்தில் ஈடுபாடில்லை என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டது. பெட்டி இல்லாமையும் ஈடுபாடு இல்லாமையும் ஒன்றல்ல என்பதை நிறுவுதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டலாம்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், நோதம்பலன்ட் பிரதேசத்தில் ஆஷிங்டன் என்றொரு நிலக்கரி ஊர் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய சுரங்கக் கிராமம் என்று ஒருகாலத்திற் பேசப்பட்ட ஊர் அது. 1926 ஆம் ஆண்டின் பெரும் போராட்டத்தில் தோல்வியுற்று, குறைந்த கூலிக்கும் நீண்ட வேலைநேரத்துக்கும் சுரங்கத் தொழிலாளர் திரும்ப நேர்ந்த காலத்தின் நிழல் அங்கே படிந்திருந்தது. 1903 இல் நிறுவப்பட்ட தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மாலை வகுப்புகள் அவ்வூரிலும் நடைபெற்று வந்தன. 1934 இல் அவ்வகுப்பினர் ஓவிய இரசனையைப் பாடமாகத் தேர்ந்தனர். நியூகாசிலிலிருந்து றொபேட் லையன் என்னும் ஓவிய ஆசிரியர் வந்து சேர்ந்தார்.

லையன் தொடக்கத்தில் மறுமலர்ச்சிக்கால மேதைகளின் படங்களைத் திரையிற் காட்டி விளக்கினார். வகுப்பிலிருந்தோருக்கு அது நிறைவளிக்கவில்லை. மடோன்னாக்களும் தேவதூதரும் அவர்களது வாழ்விலிருந்து வெகு தொலைவில் இருந்தனர் என்பது மட்டும் காரணமன்று. ஒரு பொருள் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறியாமல் அதனை மதிப்பிட அவர்கள் பழகியிருக்கவில்லை. உழைப்பாளியின் இந்த மனப்பாங்கைப் புரிந்துகொண்டது லையனின் சிறப்பு. பார்த்து இரசிப்பதை விட்டு, செய்து பார்த்து அறிவோம் என்று முடிவாயிற்று. வாரந்தோறும் ஒரு பொருளை அவர் கொடுப்பார். அவர்கள் வீட்டிலிருந்து செய்து வந்து வகுப்பில் வைத்து ஒருவர் படத்தை மற்றவர் விமர்சிப்பர்.

முதலிற் கையாண்டவற்றுள் ஒன்று லினோலியம். தரைவிரிப்புக்குரிய அப்பொருளைச் செதுக்கி, மை தடவி அச்செடுத்தனர். கருவி பிடித்துப் பழகிய கைக்கு அது அந்நியமாயிருந்திராது. பின்னர் வர்ணத்துக்கு வந்தபோது அவர்கள் பெரிதும் நாடியது வால்பமூர் என்னும் வீட்டுச் சுவர்ப்பூச்சு. கன்வஸ் துணிக்குப் பதிலாக ஒட்டுப்பலகையும் மட்டையும் கிடைத்தன. வேலை முடிந்து வந்து, சிறிய வீட்டின் சமையலறை மேசையிலே, குடும்பத்தார் நடுவே அமர்ந்து வரைபவனுக்கு நாட்கணக்காய்க் காயும் எண்ணெய் வர்ணம் உதவாது. நீர் கலந்த சுவர்ப்பூச்சு விரைந்து காயும், விலையும் குறைவு. காய்ந்ததும் பளபளப்பின்றி மங்கலாக நிற்கும். நிலக்கரித் தூசி படிந்த தெருவுக்கும் விளக்கொளியில் மங்கித் தெரியும் சுரங்க வழிக்கும் அந்த மங்கலே பொருந்திற்று. வறுமை தந்த சாதனம் என்று தொடங்கியது, விரும்பிக் கைக்கொண்ட சாதனமாக மாறியது இவ்வாறுதான் என நான் கருதுகிறேன்.

1936 இல் நியூகாசில் ஹட்டன் காட்சிச்சாலையில் அவர்களது படங்கள் முதன்முறையாக வைக்கப்பட்டன. அதே ஆண்டில் இலண்டன் சென்று டேற் கலைக்கூடத்தையும் கண்டனர். இப்பயணத்துக்கு உதவியவர் ஹெலன் சதர்லன்ட் என்னும் செல்வப் பெண்மணி. பீ அன்ட் ஓ கப்பற் கம்பனித் தலைவரின் மகள். கொழும்புத் துறைமுகத்திற் கரி நிரப்பிச் சென்ற அந்தக் கப்பல்களின் இலாபத்திலிருந்து கரி வெட்டுவோருக்கு ஓவியம் காட்டப்பட்டது! இதனைச் சுட்டுவது அப்பெண்மணியின் நல்லெண்ணத்தைக் குறைப்பதற்கன்று.

குழுவினரில் ஒலிவர் கில்போர்ண் குறிப்பிடத்தக்கவர். 1904 இற் பிறந்து, பதின்மூன்றாம் வயதிற் சுரங்கத்துள் இறங்கியவர். ஹரி வில்சன் முதலாம் உலகப்போரில் நச்சுவாயுவாற் பாதிக்கப்பட்டவர். செயற்கைப் பல் செய்யும் தொழிலாளி. ஜிம்மி ஃபிளொயிட் புறாக்கூடுகளை வரைந்தார். ஜோர்ஜ் பிளெஸ்ட் விப்பற் எனப்படும் ஓட்ட நாய்களை வரைந்தார்.

இங்கேதான் நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பர். புறாவும் நாயுமா? வேலைநிறுத்தம் எங்கே, செங்கொடி எங்கே என்று கேட்பர். இக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. முப்பதுகளின் வேலையின்மையும் பசியும் கண்டவர்களிடம் நாம் அதனை எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் தம் வாழ்வில் எது வரையத் தக்கது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை சுரங்கத் தொழிலாளிக்கு அதுவரை எவரும் அளித்திராத ஒன்று. நிலத்தின் கீழ் முழங்காலிட்டு உழைத்தவன் ஞாயிறன்று புறாவைப் பறக்கவிட்டு அண்ணாந்து பார்க்கிறான் என்றால், அப்படத்தில் உழைப்பு இல்லை என்று எப்படிக் கூறுவது? சுரங்கத்தின் உட்புறத்தையும் அவர்கள் வரையாமலில்லை. சுவரொட்டி எழுதச் சொல்லி அவர்களைத் தூண்டியிருந்தால் நல்ல சுவரொட்டிகள் கிடைத்திருக்கலாம்; கில்போர்ண் கிடைத்திருக்க மாட்டார்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்ந்த படங்களைக் குழுவின் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டனர். தொழிலை விட்டு ஓவியராகப் பிழைக்கச் செல்வது அவர்களது நோக்கமன்று. 1938 இல் கேற்ஸ்ஹெட் நகரில் அவர்களது படங்கள் இடம்பெற்ற கண்காட்சிக்குத் ‘தொழில்சாரா ஓவியம்’ என்றே பெயரிடப்பட்டது. லையன் 1942 இல் எடின்பரோ கலைக் கல்லூரி அதிபரானார்; ஆசிரியர் போனபின்னும் வகுப்புக் கலையவில்லை. 1943 இல் தமக்கென ஒரு கொட்டிலை அமைத்துக்கொண்டு வாரந்தோறும் கூடினர். 1947 இற் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின, கூட்டம் தொடர்ந்தது. 1980 இல் அவர்களது படங்கள் சீனத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓய்வு பெற்றபின் கில்போர்ண் தமது சுரங்க வாழ்க்கையை வரிசையான படங்களாகத் தீட்டினார்.

ஆஷிங்டனுக்கு அருகிலுள்ள வூட்ஹோர்ன் சுரங்கம் 1981 இல் மூடப்பட்டது. 1983 இற் குழுவின் கொட்டிலும் இல்லாமற் போயிற்று. கில்போர்ண் 1993 இற் காலமானார். அம்மனிதர் வெட்டிய கரி எரிந்து சாம்பலாகிவிட்டது. சுவர்ப்பூச்சால் ஒட்டுப்பலகையிற் தீட்டிய படங்கள், சுரங்கமிருந்த அதே வூட்ஹோர்னில் எழுந்த அரும்பொருட்சாலையில் உள்ளன.