பாண்டி பஜாரில் மறுபடியும் நடந்தோம்

"தாத்தா, பாண்டி பஜார்னா பாண்டிச்சேரிக்காரங்க போட்ட கடைத்தெருவா?" என்று பேரன் கேட்டான். இந்தக் கேள்வியை என் அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களே கேட்டிருக்கிறார்கள். அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அது டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் பெயரில் அமைந்த அங்காடி. வாயில் நுழையாத பெயரைச் சுருக்கிப் பாண்டி பஜார் ஆக்கிவிட்டோம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டவர். வழியில் போக எல்லோருக்கும் உரிமை உண்டு என்றவரின் பெயர் ஒரு கடைத்தெருவுக்கு வாய்த்தது பொருத்தம்தான்.

தியாகராய நகரே ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று இன்றும் பலகை இருக்கிறது. அங்கே நின்று ஏரியைத் தேடாதீர்கள்! 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் ஏரி மறைந்து மனைகள் வந்தன. சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் அக்கட்சிக்காரர்களின் பெயரையே வைத்தார்கள்: தியாகராயர், பனகல் அரசர், நடேசன், உஸ்மான். ஜனங்கள் நடந்தும் வண்டி கட்டியும் வந்த காலம் அது. கார் என்பது பெரிய மனிதர்கள் விவகாரம்.

எங்கள் காலத்திலும் அந்தச் சாலையில் நடப்பதே ஒரு சுகம். தூங்குமூஞ்சி மர நிழல், ராஜகுமாரி தியேட்டர், கீதா கஃபேயில் காபி. உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். பிறகு ஸ்கூட்டர்கள் வந்தன, கார்கள் வந்தன. நடைபாதையில் ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் நிறுத்திய வண்டிகள், நடுவில் மின்சாரப் பெட்டி. நாம் இறங்கித் தார்ச்சாலையில் நடந்தோம். யாரும் உத்தரவு போட்டு நம்மை இறக்கிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாமே ஒதுங்கிக்கொண்டோம்.

அப்படி இறங்கி நடந்தபோதுதான் 2009 தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு மோட்டார் சைக்கிள் என் மனைவியை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று, "இனிமே எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம். எது வேணும்னாலும் நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். ஜாக்கெட் துணிக்கு மேட்ச் பார்க்க என்னை அனுப்பிய கதையைத் தனியாக எழுத வேண்டும்.

2013-ல் நடைபாதைக் கடைக்காரர்களை மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்குள் மாற்றினார்கள். நடக்க இடம் கிடைத்தது உண்மை. ஆனால் எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை. பூவும் வளையலும் விற்றவர்களை முதலில் நகர்த்தினார்கள். நிறுத்திய கார்களின் முறை பிறகுதான் வந்தது.

2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்பது அதன் சாரம். அதன் பிறகு பாண்டி பஜாரில் தடுப்புகளை வைத்து, வண்டிகளைக் குறைத்துச் சோதனை பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சிலர் பயந்தார்கள். 2019 நவம்பரில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிகளுக்கான பாதை குறுகியது, நடைபாதை விரிந்தது. உட்காரப் பெஞ்சுகளும் போட்டார்கள்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நடைபாதையில் இடைஞ்சல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்குள் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் பல இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி வைத்தார்கள். மூட்டுவலிக்காரர் எப்படி ஏறுவார்?

சாலையைக் கடப்பதிலும் இதே கதை. நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று கணக்கு வைத்து சிக்னல் அமைப்பது வழக்கம். 15 மீட்டர் சாலைக்குப் பன்னிரண்டரை விநாடி. என் மனைவி போன்றவர்கள் விநாடிக்கு 0.8 மீட்டர் போனாலே அதிகம். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 19 விநாடி ஆகும். மீதி ஆறு விநாடி சாலை நடுவில், ஹாரன் சத்தத்தில். பாதை குறுகும்போது இந்த ஆறு விநாடியும் குறைகிறது. வளாகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை வந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் போகலாம். லிஃப்ட் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனாலும் நடப்பவன் மேலே ஏற வேண்டும், வண்டி தரையிலேயே போகும் என்ற ஏற்பாடு எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை.

2020 ஜனவரியில் என் மனைவியை வற்புறுத்தி அழைத்துப் போனேன். பத்து வருஷத்துக்குப் பிறகு. முதலில் கடை ஓரமாகவே ஒட்டி ஒட்டி நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே போகிறவர்களின் புடவைகளை விமர்சிக்க ஆரம்பித்தாள். சரி, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேட்ச் துணியும் அவளே வாங்கினாள். நான் முன்பு வாங்கி வந்தவை எவ்வளவு மோசம் என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறோம். நடைபாதை மேல் பைக் ஏறி வருவதை அவ்வப்போது பார்க்கிறேன், சத்தமும் போடுகிறேன். திரும்பும்போது வளாகம் முடிந்து பழைய சாலை தொடங்கும் இடத்தில், பேசிக்கொண்டே வருபவள் சட்டென்று நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். இடது கையால்தான்.