ஆயி மண்டபத்து நிழல்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். செஞ்சிக் கோட்டையைத்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுத வந்தது புதுச்சேரி பாரதி பூங்காவைப் பற்றி. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறிப் போய் நாம் படுத்துக் கிடந்தோமே, அதே பூங்காதான். (அந்த ரயில் பாதை வந்தது 1879-இல். நமக்காகவே போட்டது என்று நண்பர் ஒருவர் சாதிப்பார்!)

அன்றைக்கு நமக்கு அது வெறும் நிழல். ஆனால் அந்த வட்டாரத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை நின்றது. 1760 ஜனவரியில், நம்ம திண்டிவனத்துக்குப் பக்கத்து வந்தவாசியில் லாலியை வென்ற அயர் கூட், அடுத்த ஜனவரியில் புதுச்சேரியையும் பிடித்தார். கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த வெளியில் பின்னாளில் எழுந்ததுதான் பூங்கா.

நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. மூன்றாமாண்டு சுற்றுலாவில் பேராசிரியர் அங்கே நிறுத்திக் கதை சொன்னது பலருக்கு நினைவிருக்கும். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தாராம். விளக்குகள் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோவில் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம், இடிக்க உத்தரவு. "நானே இடித்துவிடுகிறேன்" என்று கெஞ்சிய ஆயி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் கேட்டார்: "தப்பா கும்பிட்டது ராஜா. வீடு போனது அவளுக்கா சார்?"

பேராசிரியர் பதில் சொல்லவில்லை. நாங்கள் சிரித்தோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ராயர் கதைக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். முத்திரையர்பாளையத்து நீரை 1863-இல் லமைரெஸ் என்ற பொறியாளர் நகருக்குள் கொண்டுவந்தது வரலாறு. மண்டபம் அதன் நினைவாக எழுந்தது. ஆனால் நின்ற பெயர் பொறியாளருடையது அல்ல, ஆயியுடையது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அந்த மண்டபம்தான். ஆயி என்றால் தாய். அவளுடைய சொந்தப் பெயர் அதுதானா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஒன்றுகூடல் முடிந்த மறுநாள் நாலைந்து பேர் பாண்டி போகிறோம். அந்தத் தோழியும் வருகிறார். பூங்காவோடு திரும்பக் கூடாது, முத்திரையர்பாளையம் பக்கமும் போயே ஆகணும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.