மேசைமேல் ஒரு போர்க்களம்

போர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன குருதியும் புகையும் அழுகுரலுமே. ஆயினும், குருதி சிந்தாத போர் ஒன்றும் உலகில் உண்டு. ஒரு மேசை, அதன்மேல் கட்டங்களோ நிலப்படமோ, இருபுறமும் சின்னஞ்சிறு படைகள், எதிரெதிரே இரண்டு மனிதர்கள். இவையே அப்போருக்கு வேண்டுவன. இன்று மேனாடுகளில், விரலளவே உயரமுள்ள வீரர் பொம்மைகளுக்குத் தம் கையாலேயே வண்ணம் தீட்டி, அவற்றைப் பெரிய மேசைகளில் அணிவகுத்து, அளவுநாடாவும் பகடையும் கொண்டு பலர் போட்டியிடுகின்றனர். ஒவ்வொருவரும் கொண்டுவரும் படையின் மதிப்பு இத்தனை புள்ளிக்கு மேற்படலாகாது என்பது அப்போட்டிகளின் விதி. செல்வர் படையும் எளியவர் படையும் அங்கே சமமாகவே களத்தில் இறங்குகின்றன. இச்சமநிலையே இவ்வகை விளையாட்டுகளின் உயிர்நாடி என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இவ்விளையாட்டுகளின் வேரைத் தேடிச் சென்றால் நாம் நம் நாட்டுக்கே வந்து சேருகிறோம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புகளைக் கொண்ட படையைப் பலகைமேல் நிறுத்திய ஆட்டமே சதுரங்கம். அது இங்கிருந்து பாரசீகம் சென்று சத்ரங் ஆயிற்று. அரபு நாடுகளில் சத்ரஞ்ச் ஆயிற்று. பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. அங்கே சிலர், மெய்யான போரை இதனினும் நெருக்கமாகக் காட்டும் ஆட்டம் வேண்டுமென விரும்பினர். பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் என்பார் 1780-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களைக் கொண்ட போர்ச் சதுரங்கம் ஒன்றை வகுத்தார். பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் கட்டங்களையே நீக்கிவிட்டு, மலையும் ஆறும் காட்டும் மேசையை 1812-இல் தம் மன்னருக்கு அளித்தார். படை அதிகாரியான அவருடைய மைந்தர், நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்டு விதிகளைச் செப்பனிட்டு 1824-இல் வெளியிட்டார். மெய்யான களத்தில் ஒரு தளபதிக்கு எவ்வளவு தெரியவருமோ அவ்வளவை மட்டுமே நடுவர் ஆடுவோருக்குத் தெரிவிப்பார். 1870-71-இல் பிரஷ்யா பிரான்சை வென்றபின், பிற நாட்டுப் படைகளும் இப்பயிற்சியை மேற்கொண்டன.

ஐரோப்பாவில் சதுரங்கத்தின் வழித்தோன்றல் படைப்பள்ளிக்குள் புகுந்த அதே பத்தாண்டில், நம் சென்னையில் நிகழ்ந்த ஒரு செய்தியையே நான் சிறப்பாகக் கூற விரும்புகிறேன்.

நான் வாழும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தொடங்கினால் அக்காலத்துச் சென்னையின் இயல்பு விளங்கும். கூவம் ஆற்றின் வளைவில் சுங்குராமச் செட்டியாரின் தோட்டம் இருந்த நிலத்தில், 1734-இல், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் கம்பெனியார் இப்பேட்டையை அமைத்தனர். நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றித் துணி பெறுவதே அவர்தம் நோக்கம். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். இந்நாட்டு மக்களின் கைத்திறனைக் கம்பெனி நன்கு அறிந்திருந்தது. ஆயினும், அத்திறனைத் தன் வாணிகத்துக்குரிய ஒன்றாகவே கருதியது. நெய்த துணி கடல் கடந்து சென்றது. நெய்தவர் பெயர் அதனோடு செல்லவில்லை.

ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து, இதே நகரிலிருந்து ஓர் இந்தியரின் பெயர் கடல் கடந்தது. 1828-29-இல் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே இரண்டு ஆட்டங்கள் கொண்ட சதுரங்கப் போட்டி ஒன்று நடந்தது. ஆடியோர் நேருக்கு நேர் அமரவில்லை. ஒவ்வொரு நகர்த்தலும் கடிதமாகச் சென்றது. இரயில் வண்டியும் தந்தியும் இந்நாட்டுக்கு வராத காலம் அது. தபாலைச் சுமந்து ஓடும் ஆட்களே இரு நகரங்களையும் இணைத்தனர். ஒரு காலாளை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, மறுமொழிக்காக நாட்கணக்கில் காத்திருக்கும் பொறுமையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்போட்டியில் சென்னையின் ஆட்டத்தை முதன்மையாக நின்று நடத்தியவர் குலாம் காசிம். அவரும், சென்னையில் கம்பெனியின் சிவில் பணியில் இருந்த ஜேம்ஸ் காக்ரேன் என்பாரும் சேர்ந்து, அவ்வாட்டங்களையும் முசியோ காம்பிட் என்னும் தொடக்க முறையின் ஆராய்ச்சியையும் நூலாக்கி, 1829-இல் சென்னையிலேயே வெளியிட்டனர். முசியோ முறையாவது, வெள்ளை ஆடுபவர் தம் குதிரையைப் பலிகொடுத்து எதிரியின் அரசன்மேல் விரைந்து பாய்வதாகும். அதே நிலையில், தாக்கப்பட்ட குதிரையைக் காக்க முயலாமல், ராணிக்கு முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் தள்ளும் மற்றொரு வழியும் உண்டு. உலகச் சதுரங்க நூல்கள் அவ்வழியை இன்றும் குலாம் காசிம் பெயராலேயே வழங்குகின்றன.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டுப் பழைய ஆட்ட முறையில் காலாள் பெரும்பாலும் முதலடியிலும் ஒரு கட்டமே நகரும். அரசன் ஒரே ஒருமுறை குதிரைபோலப் பாயலாம். ஐரோப்பிய விதிகள் வேறு. அவ்விதிகளுக்கு இயைந்த சதுரங்கக் கட்டுரைகளைத் திருவேங்கடாசாரிய சாஸ்திரி வடமொழியிலிருந்து ஆங்கிலமாக்கி 1814-இலேயே பம்பாயில் வெளியிட்டிருந்தார். இவ்வறிஞர்கள் அயலார் விதியைக் கற்றதோடு நின்றுவிடவில்லை. அவ்விதிக்குள்ளேயே அயலாருக்கும் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தனர். கம்பெனி ஆட்சியில் உயர்பதவிகள் இந்தியருக்கு எட்டாதவை. அத்தகைய காலத்தில், ஆள்வோர் வகுப்பைச் சேர்ந்த அதிகாரியின் பெயரோடு ஆளப்படுவோர் ஒருவரின் பெயர் ஒரே நூலின் முகப்பில் நின்றது. இரு தரப்புக்கும் பதினாறு காய்கள், இரு தரப்புக்கும் ஒரே விதி என்னும் பலகையின் நீதியே அதற்கு இடமளித்தது.

ஆயினும், பலகையின் நீதி பலகைக்கு வெளியே எளிதில் பரவுவதில்லை. நூறாண்டுகளுக்குப் பின், 1929-இல், பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் பிரித்தானியச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் வென்றார். அப்போதும் அவர் ஒரு பிரபுவின் பணியாளராகவே இருந்தார். உலகச் சதுரங்கக் கழகம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல்தான். அவரோ 1966-இலேயே மறைந்துவிட்டார்.

விடுதலைக்குப் பின் சென்னை இம்மரபை மீண்டும் தழைக்கச் செய்தது. மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். விசுவநாதன் ஆனந்த் 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024-இல் சென்னை இளைஞர் குகேஷ் பதினெட்டாம் வயதில் உலகப் பட்டம் வென்றார்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ஈய வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிநூல் ஒன்று எழுதினார். மெய்யான போரைவிட இச்சிறு போர் எவ்வளவோ மேலானது என்பதே அவர் முடிவு. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. மேசைமேல் வீழ்ந்த வீரன் மறு ஆட்டத்தில் எழுந்து நிற்பான். மண்மேல் வீழ்ந்தவன் எழுவதில்லை.

மாணவ நண்பர்களே, மெய்ப்போரில் வலியவனே விதியை வகுக்கிறான். மேசைப்போரில் விதிக்கு இருவரும் அடங்குகின்றனர். அந்தச் சமநிலை கிடைத்த இடத்தில், அடிமைப்பட்ட நாட்டின் அறிவும் தலைநிமிர்ந்து நின்றது என்பதற்கு, 1829-இல் நம் நகரில் அச்சேறிய அச்சிறு நூலே சான்று.