ஆத்தாள் சினமும் அடுப்பங்கரை உப்பும்

வாந்திபேதியா? மாரியாத்தாள் சினம், கூழ் வார்த்திடு! விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நம் பாட்டிமார் அறிந்த மருத்துவம் அதுதான். 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கண்டறிந்து சொன்னார். ஆத்தாள் சினமோ ஆறவில்லை!

1971. மேற்கு வங்கத்துப் பங்காவ் நகரில் ஏதிலியர் கூட்டம். காலராவின் கோரத் தாண்டவம். ஊசி வழியே ஏற்றும் உப்புநீர் தீரும் நிலை. உடல்நீர் வற்றுவதாலன்றோ சாவு? மருத்துவர் திலீப் மகலனோபிஸ் துணிந்தார். லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5, சமையல் சோடா 2.5. கரைத்துப் பீப்பாயில் நிரப்பினார். புகட்டும் பொறுப்பை உற்றாரிடமே விட்டார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கிற்று.

கற்றறிந்த மருத்துவர் பலர் நம்ப மறுத்தனர். பூசாரிக்கு வேப்பிலை, இவர்களுக்கு ஊசி! 1978-இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் அக்கரைசலை நாடுதோறும் பரப்பும் திட்டம் வகுத்தது. குருதி கலந்த சீதபேதிக்கு மட்டும் கரைசலோடு நில்லாதீர், தோழர்களே, மருத்துவரிடம் விரையுங்கள்.